ஒரு வேளை சமைத்துக் காட்டச் சொன்ன வீடு

ஆவணி 3, செவ்வாய்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. மந்தைவெளி மாடி ரூமில் இன்று இருந்தவர்கள்: நான். மருமகள் தேவி. மீர்சாகிப்பேட்டை மும்தாஜ். குணசுந்தரி (இவள் அம்மா என் இட்லிக் குண்டானை வாங்கிப் போய்த் திருப்பித் தராமலே செத்தாள்). கைக்குழந்தையோடு புதிதாக ஒரு பெண், பேர் சொல்லவில்லை. ஷீலா மேடம். டீ வைத்துவிட்டுப் போன கடைக்காரர். வேறு யாரும் இல்லை. எனக்கு எதுவும் மறக்காது. மற்றவர்கள்தான் வேண்டும்போது மறந்து போவார்கள். எழுதி வைப்பது அதற்காக.

கடனில் மாட்டினவர்களுக்கு வேலை பிடித்துக் கொடுக்கிற இடமாம். செவ்வாய்க்கிழமை தோறும் கூட்டம். நம்மிடம் காசு கேட்பதில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது. கேட்டால் எதற்கு என்று தெரியும். கேட்காதவர்களுக்கு எங்கிருந்து வருகிறது? டீ, பன் வேறு. அந்த மேடத்துக்கு வயது முப்பது இருக்காது, கையில் இரண்டு போன். ஒரு ஆளுக்கு எதற்கு இரண்டு?

"பாட்டி, பன் எடுத்துக்கோங்க. நல்லா இருக்கும்."

"சக்கரைமா எனக்கு."

சர்க்கரையும் இல்லை, ஒன்றும் இல்லை.

மேடம் சொன்னது: புதிதாக யாரிடமும் கடன் வாங்கக் கூடாது. கந்துக்காரனிடம் அவரே பேசித் தவணை வாங்கித் தருவார். அதற்குள் மாதச் சம்பள வேலை ஒன்றில் உட்கார்ந்துவிட வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

பிறகு, "தேவி, அடையாறுல ஒரு வீடு. நாலே பேர். நிரந்தரமா சமையலுக்கு ஆள் கேக்கறாங்க. ஒரு வேளை சமைச்சுக் காட்டணும், அவ்ளோதான். சனிக்கிழமை போறீங்களா?"

சமைத்துக் காட்டச் சொல்வது வழக்கம்தான். நானும் அந்த நாளில் ஒரு ரசம் வைத்துக் காட்டித்தான் லஸ் பக்கம் ஒரு வீட்டில் சேர்ந்தேன். ஆனால் அடையாறு என்றதும் மும்தாஜ் தரையைப் பார்த்தாள். குணாவும் பார்த்தாள். தரையில் ஒன்றும் இல்லை. நான் பார்த்தேன்.

ஆவணி 4, புதன்

குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. லாரிக்கு நின்று இடுப்பு போச்சு. கீழ்வீட்டு அஞ்சலை வரிசையில் எல்லோர் முன்னாலும்:

"இன்னா பாப்பம்மா, உன் மருமவ குவைத்துக்குப் போவுதாமே? எனக்கு ஒரு சென்ட் பாட்டிலு சொல்லி வெய்யி."

"உன் நாத்தத்துக்கு ஒண்ணு பத்தாதுடி."

சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊருக்கே தெரிந்திருக்கிறது.

குவைத் விஷயம் இதுதான். என் மகன் முருகேசனின் ஷேர் ஆட்டோவை ஃபைனான்ஸ்காரன் ஆனி மாதம் இழுத்துக்கொண்டு போனான். கந்துக்காரன் தினமும் சாயங்காலம் வாசலில் நிற்கிறான். தேவியின் அக்கா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. அங்கேயே பக்கத்து வீட்டில் இடம் இருக்கிறதாம். வடபழனியில் ஒரு ஏஜென்ட், ஆவணி முடிவதற்குள் பாஸ்போர்ட்டைக் கொடு, டிக்கெட் அவன் பொறுப்பு என்கிறான். போனால் இரண்டு வருஷம் திரும்ப முடியாது. பேத்தி பவித்ரா ஆறாவது படிக்கிறாள். நான் பார்த்துக்கொள்வேன். நான் பார்ப்பது வேறு, பெற்றவள் வேறு. போன இடத்தில் என்ன ஆனாள் என்று தெரியாமலே போன பெண்களை எனக்குத் தெரியும். இரண்டு பேர் இதே பிளாக்.

பாஸ்போர்ட்டை எடுத்து அரிசி டிரம்மின் அடியில் வைத்துவிட்டேன்.

முருகேசன் கேட்டான். "மா, பாஸ்போர்ட்டு எங்க வெச்சா அவ?"

"எனக்கு இன்னாடா தெரியும் நைனா, நான் படிச்சவளா?"

என் மகள் வசந்தாவுக்குப் போன் போட்டேன். திருவான்மியூரில் இருக்கிறாள், அடையாறு பக்கம் மூன்று ஃப்ளாட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். தேவி சனிக்கிழமை அடையாற்றில் ஒரு வீட்டுக்குச் சமைத்துக் காட்டப் போகிறாள் என்றேன். "எந்தத் தெருமா?"

"எனக்கு இன்னா தெரியும்? மூணாவது மாடியாம்."

"சரி, போட்டும். நான் வெக்கறேன், வேலை கீது."

தம்பி பெண்டாட்டிக்கு வேலை கிடைத்தால் சந்தோஷப்படுகிறவள் இல்லை இவள். தேவி கல்யாணத்தில் மாலை விஷயமாக நடந்த சண்டை எனக்கு நினைவிருக்கிறது. அவளுக்கும் இருக்கும்.

ஆவணி 7, சனி

சாயங்காலம் ஒரு மழை. தேவி காலை எட்டு மணிக்குப் போனவள், விளக்கு வைத்த பிறகு நனைந்துகொண்டு வந்தாள். முகம் மட்டும் பளிச்.

சமைத்தது: சாம்பார், வத்தக்குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல், அவியல், எலுமிச்சை சாதம், சேமியா பாயசம், அப்பளம்.

"நாலு பேருக்கா?"

"சொந்தக்காரங்க வந்தாலும் வருவாங்க, கொஞ்சம் கூடவே வெச்சுடுன்னாங்க அத்தை. சொன்ன மாதிரியே வந்தாங்க. எல்லாரும் ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கித் துன்னாங்க. ஒரு அண்ணன் பாயசத்தை டம்ளர்ல ஊத்திக்கினு போனாரு."

"கையில இன்னா குடுத்தாங்க?"

"சமைச்சுக் காட்டறதுக்கு யாராவது குடுப்பாங்களா? சொல்லி அனுப்பறேன்னாங்க. கிடைச்சுடும் அத்தை."

காலையிலிருந்து நின்றிருக்கிறாள். கால் வீங்கி இருந்தது. நான் எண்ணெய் போட்டுத் தேய்க்கவில்லை, பவித்ரா தேய்த்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இது பரீட்சையா, கல்யாணச் சமையலா? அந்த ஷீலா மேடத்துக்கு அந்த வீட்டிலிருந்து என்ன போகிறதோ.

ஆவணி 8, ஞாயிறு

வசந்தா வந்தாள். வெறுங்கையோடு. ஞாயிற்றுக்கிழமை என்றால் வேலை வீட்டில் மிஞ்சியதை டப்பாவில் எடுத்து வருவாள். போன ஞாயிறு பிரியாணி கொண்டு வந்தாள், எல்லோரும் சாப்பிட்டோம். நல்ல கை, அதில் வெந்தயக்கீரை ஒரு பிடி போட்டிருந்தது. பிரியாணியில் யாரும் போட்டு நான் பார்த்ததில்லை.

"இன்னாடி, இன்னிக்கி ஒண்ணும் இல்லியா?"

"விசேஷம் ஒண்ணும் இல்லமா அங்க."

தேவியிடம் நேற்று எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பவித்ராவுக்குத் தலை பின்னிவிட்டுப் போய்விட்டாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணி 9, திங்கள்

மதியம் தேவிக்கு அந்த அடையாற்று வீட்டு அம்மாவிடமிருந்து போன். மாடிப்படியில் போய் நின்று பேசினாள். கதவுக்குப் பின்னால் நான். கேட்டது இவ்வளவுதான்: "சரிங்கம்மா... ஆமாங்கம்மா... சரி, அப்படியே சொல்லிடறேன்... ரொம்ப நன்றிம்மா."

உள்ளே வந்து, "தூரமா கீது அத்தை. நானே வேணாம்னுட்டேன்."

எங்கள் பட்டினப்பாக்கத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே என்ன இருக்கிறது? ஒரு பாலம். குவைத்து தூரம் இல்லை, அடையாறு தூரமா? இவளுக்குப் போகத்தான் ஆசை என்று முடிவு செய்துவிட்டேன். சாயங்காலம் வரை பேசவில்லை. டிரம்மைத் திறந்து பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

ஆவணி 10, செவ்வாய்

கூட்டம். போன வாரம் இருந்த அதே முகங்கள், கைக்குழந்தைக்காரியைத் தவிர. ஷீலா மேடத்துக்குக் கோபம்.

"தேவி, நீங்களும் தூரமா? மும்தாஜ் தூரம், குணா தூரம், இப்ப நீங்க. மூணு சனிக்கிழமை, மூணு பேர், ஒரே பதில். வேலை வேணும்னா தூரம் பாக்கக் கூடாது. அந்தம்மா எவ்ளோ பொறுமையா இருக்காங்க, மறுபடியும் இந்த சனிக்கிழமைக்கு ஆள் கேக்கறாங்க. நான் எந்த முகத்தோட அனுப்பறது?"

மூன்று பேரா! மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தியும் மற்றவளைப் பார்க்கவில்லை. மும்தாஜ் அண்ணா நகர் வரைக்கும் போய் வேலை செய்தவள். அவளுக்கு அடையாறு தூரமா?

என் வாய் சும்மா இருக்கவில்லை. "நான் போறேன்மா சனிக்கிழமை."

குணா சிரித்துவிட்டாள். "ஆயா, உனக்கு இன்னாத்துக்கு இந்த வேலை? கரண்டி புடிக்கவே உனக்கு ஒரு ஆளு வேணும்."

"உங்கம்மாவுக்கு இட்லி சுட்டுக் குடுத்த கைடி இது. கேட்டுப் பாரு, மேல போனப்புறம்."

மேடம் வேண்டாம் வேண்டாம் என்றார். எழுபது வயதுதான் என்றேன். எண்பது வயதில் சமைக்கிறவர்கள் மயிலாப்பூரில் எத்தனை பேர் வேண்டும் என்றேன். கடைசியில், "சரி, ஒரே ஒரு தடவை. முடியலைன்னா உடனே எனக்கு போன் பண்ணணும்" என்றார். ஏன் இவ்வளவு லேசாக ஒத்துக்கொண்டார்? அந்த வீட்டுக்கு எப்படியாவது ஆள் அனுப்பியே ஆக வேண்டும் போலிருக்கிறது. குறித்துக்கொள்கிறேன்.

ஆவணி 11, புதன்

பாஸ்போர்ட்டோடு தேவி என் முன்னால் நின்றாள். நான்தான் ஒளித்தது என்று தெரிந்துவிட்டது. அரிசி போட டிரம்மைத் திறந்திருக்கிறாள்.

"எடுத்து வெச்சுட்டேன் அத்தை. ஏஜென்ட்கிட்ட குடுக்கப் போறேன்."

"அடையாறு தூரம், குவைத்து பக்கமாடி?"

அப்போதுதான் உடைந்தாள். நின்றபடியே அழுகை. "தூரம் இல்ல அத்தை. உப்பு தூக்கல்னுட்டாங்க. வீட்டுல ஒருத்தராலயும் வாயில வெக்க முடியலையாம். மேடத்துகிட்ட நான் சொல்ல மாட்டேன், சொன்னா உனக்கு வேற எந்த வீட்லயும் வேலை கிடைக்காது, நீயே தூரம்னு சொல்லிக்கோன்னு நல்லவிதமாத்தான் சொன்னாங்க. பதினாலு வருஷமா இந்த வீட்ல சமைக்கறேன், நீங்க ஒரு நாளு சொல்லல, என் கை இப்படின்னு. இங்க எவ என்னை வெச்சுப்பா? அங்க போனா பாத்திரம் தேய்ச்சாவது..."

நான் ஒரு நாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை, உண்மை. நன்றாக இல்லை என்றும் சொன்னதில்லை. உப்பு தூக்கலாகப் போடுகிற கை இல்லை அது. எனக்குத் தெரியும். இரண்டாவது தடவை வாங்கித் தின்றவர்களுக்குத் தெரியாதா?

பாஸ்போர்ட்டை ஞாயிறு வரை கொடுக்காதே என்றேன். இந்த வீட்டில் நான் கேட்டுக்கொண்டது இதுதான் முதல் தடவை. ஒத்துக்கொண்டாள்.

ஆவணி 12, வியாழன்

மீர்சாகிப்பேட்டை போனேன். மும்தாஜ் வீடு, மார்க்கெட்டுக்குப் பின்னால் இரண்டாவது சந்து. பெரிய மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடனில் மாட்டினவள். தையல் மெஷினும் போய்விட்டது. செத்துப்போன மாமனாருக்கு ஓதுகிற ஃபாத்திஹா என்று பிரியாணி செய்திருந்தாள். உட்கார வைத்து முதலில் எனக்குத் தட்டில் போட்டாள்.

ஒரு வாய் வைத்தேன். வெந்தயக்கீரை.

"இதை யாருமா சொல்லிக் குடுத்தது உனக்கு?"

"எங்க மாமியா பழக்கம் ஆயா. எங்க ஊட்ல மட்டுந்தான் இப்படி. வேற யாரும் போட மாட்டாங்க."

ஆவணி முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை, வசந்தா கொண்டு வந்த டப்பா. அதே பட்டை வாசனை, அதே கீரை, அடியில் அதே தக்காளி.

"நீ அடையாறு வீட்டுக்குப் போனது எந்தச் சனிக்கிழமை?"

மும்தாஜ் கை நின்றது. "ஆடி கடைசி நாளு. எதுக்கு ஆயா?"

"சும்மா சொல்லு. பிரியாணிதானே?"

"ஆமா. பெரிய தேக்சா. பிறந்த நாளாம், யாருக்குன்னு தெரியாது. எல்லாரும் நல்லா துன்னாங்க. திங்கக்கிழமை போன் பண்ணி, காரம் ஒத்துக்கல, வயித்தைப் புடிச்சிக்கினு கிடக்கறோம்னாங்க." குரல் இறங்கிவிட்டது. "ஆயா, அல்லா மேல ஆணையா யாருகிட்டயும் சொல்லாத. பிரியாணியில எங்க ஊட்டைச் சொல்லுவாங்க இந்தச் சந்துல. நான் வெச்சது ஒருத்தருக்கு ஆகலன்னா வெளிய தலை காட்ட முடியாது."

வாயில் சோறு அப்படியே நின்றது. காரம் ஒத்துக்கொள்ளாத அந்தப் பிரியாணியை மறுநாள் நாங்கள் ஐந்து பேர் தின்றோம். ஒருத்தரும் வயிற்றைப் பிடித்துக்கொள்ளவில்லை. பவித்ரா தட்டை வழித்தாள்.

இதை மும்தாஜிடம் சொல்லவில்லை. சொன்னால், டப்பா யார் கொண்டு வந்தது என்று கேட்பாள்.

ஆவணி 13, வெள்ளி

கோயில் வாசலில் குணாவைப் பிடித்தேன். பூ கட்டிக்கொண்டிருந்தாள். இவள் வாயைத் திறக்க வைக்கக் குண்டானை மன்னித்துவிட்டதாகச் சொல்ல வேண்டியிருந்தது. பொய்தான்.

இவளுக்குச் சொன்னது: எண்ணெய் ஜாஸ்தி. இவளிடமும் அதே, "மேடத்துகிட்ட தூரம்னு நீயே சொல்லிக்கோ, உன் நல்லதுக்குத்தான்."

"அந்தம்மா தங்கமான அம்மா ஆயா. என் பேரைக் கெடுக்கல."

உப்பு ஒருத்திக்கு, காரம் ஒருத்திக்கு, எண்ணெய் ஒருத்திக்கு. சமைக்கிறவள் எதையும் சொல்லுவாள். புருஷன் அடித்தான் என்பாள், பிள்ளை படிக்கவில்லை என்பாள். என் சமையலை வேண்டாம் என்றார்கள் என்று மட்டும் இன்னொரு சமையல்காரியிடம் சொல்ல மாட்டாள். இதைத் தெரிந்துகொண்ட ஒருத்தி அந்த மாடியில் உட்கார்ந்திருக்கிறாள்.

அவளுக்கு இதைத் தெரிய வைத்தது யார்? ஷீலா மேடம் என்று நினைத்தேன். நேற்றிலிருந்து அப்படி நினைக்க முடியவில்லை. மேடமாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

ஆவணி 14, சனி

பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அதற்கே கண்டக்டர் முறைக்கிறான், அவன் அப்பன் வீட்டு பஸ் மாதிரி.

மூன்றாவது மாடி. லிஃப்டில் நான் போகக் கூடாதாம், வாட்ச்மேன் சொன்னான். ஏறினேன். அந்த அம்மா நல்ல மெதுவான பேச்சு. "வாங்க பாட்டி, பாவம், இந்த வயசுல." தண்ணீர் கொடுத்தாள். தனி டம்ளர்.

வைக்கச் சொன்னது: சாம்பார், மோர்க்குழம்பு, மூன்று பொரியல், பால் பாயசம், மெதுவடை. உளுந்து ஏற்கெனவே ஊறிக்கொண்டிருந்தது, பெரிய குண்டானில்.

"நாலு பேருக்கு இவ்ளோ உளுந்தாம்மா?"

"மிஞ்சினா ஃப்ரிட்ஜ்ல வெச்சுப்போம் பாட்டி."

ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கி இருந்தது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பழைய காட்டன் புடவை, அலமாரி ஓரத்தில் ஒரு சீப்பு. "யாருதும்மா?" "முன்னாடி இருந்த ஆளுது." சீப்பைத் தொட்டுப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கு காயவில்லை. இந்த வீட்டில் தினமும் சமைக்கிறவள் ஒருத்தி இருக்கிறாள். இன்று லீவு கொடுத்து அனுப்பி இருக்கிறார்கள்.

உளுந்தைக் கிரைண்டரில் போட்டேன். சாம்பாருக்குப் பருப்பு வெந்துகொண்டிருந்தது. பின் கதவு திறந்தது. தேய்த்த பாத்திரக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வசந்தா.

என்னைப் பார்த்தாள். கூடையைக் கீழே வைக்கவில்லை.

அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "வசந்தா, இந்தப் பாட்டியும் உங்க பக்கத்து ஆளுதான் போல. பேச்சு அப்படியே உன்னை மாதிரியே இருக்கு. தெரிஞ்சவங்களா?"

"இல்லம்மா. யாரோ."

என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. கூடையை மேடையில் வைத்து, ஒவ்வொரு பாத்திரமாக எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

கிரைண்டரை நிறுத்தினேன். அடுப்பை அணைத்தேன். கை கழுவினேன்.

"என்ன பாட்டி, முடியலையா?"

"முடியுதும்மா. வந்த மூணு பேருக்கும் உப்பு, காரம், எண்ணெய்னு ஆளுக்கு ஒண்ணு சொன்னீங்களாமே. எனக்கு இன்னா சொல்வீங்க? இப்பவே சொல்லிட்டீங்கன்னா எனக்கு வேலை மிச்சம்."

மெதுவான பேச்சு போய்விட்டது. "என்ன உளர்றீங்க? கெஸ்ட் எல்லாம் ஏழு மணிக்கு வந்துடுவாங்க. பாதியில விட்டுட்டுப் போனா எப்படி?"

"சமைச்சுக் காட்டறதுன்னா ஒரு ரசம்மா. ஒரு குண்டான் உளுந்து இல்ல. அரை நாள் கூலி குடுங்க, வடை சுட்டுக் குடுத்துட்டுப் போறேன்."

கொடுக்கவில்லை. கதவைக் காட்டினாள். செருப்பு மாட்டும்போது, "வசந்தா, உனக்கு வடை சுட வருமா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

அவள் யார் என்று நான் சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்தது. சொல்லி இருந்தால் அவளுக்கு அந்த வீடு போயிருக்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி இறங்கினேன்.

ஆவணி 15, ஞாயிறு

வசந்தா வந்தாள். தேவியும் முருகேசனும் பவித்ராவை அழைத்துக்கொண்டு பெசன்ட் நகர் பீச்சுக்குப் போயிருந்தார்கள். பார்த்துத்தான் வந்திருக்கிறாள்.

"நீ தேவியை அனுப்பறேன்னு போன்ல சொன்னப்பவே எனக்குப் பகீர்னுச்சுமா."

"அப்ப சொல்றதுக்கு இன்னா?"

"முதல்ல நெசமாவேதான் ஆளு கேட்டாங்க. சமையக்காரம்மா ஊருக்குப் போயிருந்தா. நீதானே சொன்ன, மந்தைவெளியில வேலை வாங்கித் தராங்கன்னு? அந்த நம்பரைக் குடுத்தேன், நல்லதுக்குத்தான். குணா வந்து சமைச்சா. அடுத்த வாரம் சமையக்காரம்மா வந்துட்டா. இவங்க நிறுத்தல. சனிக்கிழமை ஆனா சொந்தக்காரங்களைக் கூப்பிடுவாங்க, ஒரு புது ஆளைக் கூப்பிடுவாங்க. நான் இன்னா பண்றது? வாயைத் தொறந்தா என் வேலை போவும். என் வீட்டுக்காரன் குடிக்கறது உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தேவிக்கு ஒரு நாளு வேலை தண்டம், அவ்ளோதானே. எனக்கு மாசம் பூரா சோறு."

"அவ கை சரியில்லைன்னு நெனச்சுக்கினு குவைத்துக்குக் கிளம்பிட்டா. தெரியுமா உனக்கு?"

அது தெரியாது. கொஞ்ச நேரம் அழுதாள். நான் தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை.

"நேத்து நீ சொல்லாம போயிட்டியேமா. நீ தெய்வம்மா."

கதவைத் திறந்து வைத்தேன். போனாள். நேற்று சொன்ன அந்த ஒரு சொல்லைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஆவணி 17, செவ்வாய்

மழை. மாடி ரூமில் ஒழுகல், பக்கெட் வைத்திருந்தது. தேவி வரமாட்டேன் என்றாள், இழுத்துக்கொண்டு போனேன்.

நின்றுகொண்டே பேசினேன். "அடையாறு தூரம் இல்ல மேடம். போனவங்க ஒவ்வொருத்திக்கும் அந்தம்மா ஒரு குறை சொல்லி அனுப்பி இருக்காங்க. இவளுங்க வாயாலயே கேளுங்க."

தேவியின் முதுகில் கை வைத்தேன்.

"உப்பு தூக்கல்னாங்க," என்றாள் தேவி, தரையைப் பார்த்து.

குணா தலை நிமிர்ந்தாள். "உனக்கு உப்பா? எனக்கு எண்ணெய்னாங்களே!"

மும்தாஜ் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டாள். கண்ணெல்லாம் சிரிப்பு. "எனக்குக் காரம். அடியே, மூணு பேரும் சேர்ந்து ஒரு நாளு சமைச்சிருந்தா எல்லாம் சரியா இருந்திருக்குமேடி!"

அப்படி ஒரு சிரிப்பு. தேவி சிரித்து ஆனி மாதத்துக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன்.

ஷீலா மேடம் சிரிக்கவில்லை. கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். "நான் உங்களைத்தான் திட்டினேன். உங்களைப் போய்..." எல்லோர் எதிரிலும் ஸ்பீக்கரில் போட்டு அந்த வீட்டுக்குப் போன் செய்தார். இரண்டு வார்த்தை கேட்டதும் அந்த அம்மா வைத்துவிட்டாள். இனிமேல் சமைத்துக் காட்டப் போனால் அன்றைய கூலியை முதலில் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஆள் வராது என்று மேடம் எல்லா வீட்டுக்கும் சொல்லப் போகிறாராம். இதைத் தொடக்கத்திலேயே யோசித்திருக்க வேண்டாமா? இருந்தாலும் கமிஷன்காரி இப்படி அழமாட்டாள். இன்றைக்குப் பன்னில் பாதி தின்றேன்.

மும்தாஜ்தான் கேட்டாள். "அந்த வீட்டுக்கு நம்ம நம்பரு எப்படி மேடம் போச்சு?"

"அங்க வேலை செய்யறவங்க யாரோ குடுத்தாங்களாம்."

எல்லோரும் அந்த யாரோவைத் திட்டினார்கள். மும்தாஜ் நல்ல வாய்க்காரி, வேலைக்காரி ஒருத்தி இன்னொருத்திக்குச் செய்கிற காரியமா இது என்று ஆரம்பித்து ஒரு பாட்டம். தேவியும் சேர்ந்துகொண்டாள். நான் பக்கெட்டை நகர்த்தி வைத்தேன்.

ஆவணி 18, புதன்

தேவி தரமணியில் ஒரு மெஸ்ஸுக்குப் போனாள். ஐ.டி. பிள்ளைகள் சாப்பிடுகிற இடம். மேடம் நேற்றே பேசி ஏற்பாடு. முன்கூலி கொடுத்துத்தான் அடுப்பைக் கொடுத்தார்களாம். சாயங்காலமே சேரச் சொல்லிவிட்டார்கள். அங்கே சமைக்கிற பெண் பிரசவத்துக்குப் போகிறாள், அவள் வரும் வரைக்கும்தான். அதற்கப்புறம்? தெரியாது. மேடம் பார்க்கலாம் என்கிறார். எனக்கு இன்னும் முழு நம்பிக்கை இல்லை.

ஏஜென்ட் போன் செய்தான். தேவி என் எதிரிலேயே, "இப்ப இல்லண்ணே. இங்க வேலை கீது" என்றாள். அவன் என்னவோ கத்தினான். வைத்துவிட்டாள்.

ரசம் வைத்தாள். "நல்லா கீதுடி" என்றேன். கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள், என்னமோ நான் இங்கிலீஷ் பேசின மாதிரி.

ஆவணி 19, வியாழன்

வானம் மூட்டம். காலையிலிருந்து போன் அடிக்கிறது.

"வசந்தா அண்ணிதான் அத்தை. எத்தினி வாட்டி அடிக்கறாங்க பாவம். எடுங்களேன்."

"நீயே எடு. நான் தூங்கறேன்னு சொல்லு."

தேவி எடுத்தாள். அண்ணி, எனக்கு வேலை கிடைச்சுடுச்சு என்று சந்தோஷமாகப் பேசினாள். அடையாற்றுக் கதையைச் சொன்னாள். எவளோ ஒரு வேலைக்காரி நம்பர் கொடுத்தாளாம், நாசமாகப் போக என்றாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ. நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். தேவிக்கு இது தெரிய வேண்டாம். தெரிந்தால் இரண்டு வீடும் முடிந்தது.

படுத்தபடி ஒவ்வொருத்தராக நினைத்துப் பார்த்தேன். ஃபைனான்ஸ்காரன், அவன் பிழைப்பு அது. ஏஜென்ட், அவனும் அப்படித்தான். அடையாற்று அம்மா எனக்கு யார்? அவளிடம் நான் எதை எதிர்பார்த்தேன், அவள் கொடுக்காமல் இருக்க?

வேலைக்குப் பயந்தது, சரி. வாயை மூடிக்கொண்டது, சரி. தேவியைப் போக விட்டதைக் கூட ஒரு நாள் விழுங்கிவிடுவேன். குடிகாரனோடு கிடக்கிறவள். ஆனால் அடுப்புக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள், கேட்டது ஒரே கேள்வி. என் முகத்தைப் பார்த்து, யாரோ என்று சொன்னாள்.

மன்னிக்க மாட்டேன். வசந்தாவை.